சாலிம் அலியின் பறவை நூலும் வேடந்தாங்கல் ஏரியும்

அறிவியல் நூல்களை நாம் பெரும்பாலும் மேசையின்மீது வைத்தே மதிப்பிடுகிறோம். அச்சு எப்படி, படங்கள் எப்படி, நடை எப்படி என்று பார்த்து நிறுத்திக் கொள்கிறோம். பறவைகளை இனங்காண உதவும் கையேட்டை இவ்வாறு மதிப்பிடுவது, வெந்நீரில் இடாமலே வெப்பமானி சரியாக இருக்கிறது என்று சான்றளிப்பதைப் போன்றது. அதைச் சோதிக்க வேண்டிய இடம் ஏரிக்கரை. அதுவும் ஒரே ஒரு நாள் போதாது. ஐப்பசி மழை தொடங்கும்போது ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, வைகாசி வெயிலில் ஒரு முறை என்று ஓர் ஆண்டின் பல பருவங்களிலும் நூலைக் கையில் எடுத்துச் சென்று பார்க்க வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் சோதிக்கப்போகும் நூல் சாலிம் அலியின் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதை 1941-இல் வெளியிட்டது. ஆசிரியர் 1987-இல் மறைந்த பின்னரும் நூல் திருத்தங்களோடு வெளிவந்தது. 13-ஆம் பதிப்பு 2002-இல் வந்தது. நம் நாட்டில் பறவை பார்த்தலைச் சிலரது பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து பலரது அறிவுப் பயிற்சியாக மாற்றியதில் இந்நூலுக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். சோதிக்கப்போகும் இடம் செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரி. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். சிறிய ஏரி, ஆனால் கடினமான தேர்வு மண்டபம்!

நூலின் அமைப்பு எளிது. ஒவ்வோர் இனத்திற்கும் உருவ அளவு, களத்தில் அடையாளம் காணும் குறிகள், பரவல், பழக்கங்கள், கூடுகட்டுதல் என்று தலைப்புகள் உண்டு. நடை சுருக்கமானது, ஆனால் வறண்டதன்று. கூடு கட்டும் தூக்கணாங்குருவியின் இல்லற வாழ்க்கையைக் கிஹிம் கடற்கரையில் இருந்து நேரில் ஆராய்ந்தவர் இவர். ஓர் ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டி, பல பெண்குருவிகளோடு இணைகிறது என்று கண்டறிந்து 1930-களின் தொடக்கத்தில் எழுதியவர். இறந்த பறவையின் தோலைப் பார்த்து எழுதியவருக்கும், உயிருள்ள பறவையின் நடத்தையைப் பார்த்து எழுதியவருக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

குருவியும் காகமும் அளவுகோல்

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்நூலில் மிகவும் பிடித்த பகுதி உருவ அளவுதான். சாலிம் அலி பறவையின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்லித் திருப்தியடையவில்லை. சிட்டுக்குருவி, காடை, கொண்டைக்குருவி, மைனா, புறா, கௌதாரி, காகம், பருந்து, வாத்து, நாட்டுக்கோழி, பிணந்தின்னிக் கழுகு ஆகிய தெரிந்த பறவைகளை அலகுகளாக வைத்துக்கொண்டார். புதிய பறவை மைனாவைவிடச் சற்றுப் பெரிது என்றால் மைனாவுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. சற்றுச் சிறிது என்றால் ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான்.

இதைக் குழந்தைத்தனமான முறை என்று எண்ணிவிட வேண்டாம். அளவீடு என்பதே, தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுவதுதான். மேலும், கையேடுகளில் தரப்படும் சென்டிமீட்டர் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அது அலகின் நுனியிலிருந்து வாலின் நுனிவரை, பறவையை மேசையில் நீட்டிக் கிடத்தி அளந்த நீளம். ஏரியில் நிற்கும் கொக்கு உங்களுக்காக நீட்டிப் படுத்துக்கொள்வதில்லை! கழுத்தை மடக்கிக் கூனிக் குறுகி நிற்கும் மடையான், கழுத்தை நீட்டினால் வேறு பறவை போலாகிவிடும். ஒப்பீட்டு அளவு இந்த இடர்ப்பாட்டை ஓரளவு தாண்டிவிடுகிறது. ஏனெனில் காகத்தையும் நாம் உயிரோடு, நிற்கும் நிலையில்தான் மனத்தில் பதித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் இந்த அளவுகோலில் ஓர் அலகு இன்று காணாமல் போய்விட்டது. தமிழ்நாட்டில் இன்று பதினைந்து வயதாகும் மாணவர் பிணந்தின்னிக் கழுகை நேரில் கண்டிருப்பது அரிது. 1990-களில் இந்தியாவெங்கும் அவை விரைந்து அழிந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததே காரணம் என்பது 2004-இல் உறுதியாயிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதற்கு 2006-இல் தடை வந்தது. நம் மாநிலத்தில் நீலகிரிச் சரிவை ஒட்டிய மாயாற்றுப் பகுதி போன்ற ஒரு சில இடங்களிலேயே அவை எஞ்சியுள்ளன. “ஏறத்தாழ கழுகின் அளவு” என்று 1941-இல் எழுதியபோது அது எல்லாருக்கும் தெரிந்த அளவு. இன்று அது வெறும் சொல். இதை நூலின் குற்றமாகச் சொல்ல முடியாது. என்றாலும் புதிய வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

நிற்க. ஒப்பீட்டு முறைக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. அது தோட்டத்தைவிட ஏரியில் அதிகம் வெளிப்படுகிறது. நம் கண் அளப்பது உருவத்தை அன்று. அது கண்ணில் அமைக்கும் கோணத்தையே. ஏறத்தாழ 63 செ.மீ. நீளமுள்ள சின்னக் கொக்கு 100 மீட்டர் தொலைவில் நின்றால் அமையும் கோணம் 0.36 பாகை. ஏறத்தாழ 90 செ.மீ. நீளமுள்ள பெரிய கொக்கு 143 மீட்டர் தொலைவில் நின்றாலும் அதே கோணம்தான். தோட்டத்தில் இலை, கிளை, சுவர் என்று ஒப்பிட ஏதாவது இருக்கும். வெறும் நீர்ப்பரப்பில் தொலைவைக் கணிக்க எந்தத் துணையும் இல்லை. எட்டு மடங்கு உருப்பெருக்கும் பைனாகுலர் இரண்டு கொக்குகளையும் ஒரே மடங்கு பெரிதாக்குமே தவிர, எது பெரிது என்று சொல்லாது.

அப்போது என்ன செய்வது? அளவைக் கைவிட்டு வடிவத்தையும் குறிகளையும் நாட வேண்டும். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீளும். சின்னக் கொக்கின் கால்கள் கறுப்பு. விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும் அந்த ஒரு கணத்திற்காகக் காத்திருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். இத்தகைய களக் குறிகளைத் தேர்ந்து சொல்வதில் சாலிம் அலி வல்லவர். நூறு இறகுகளின் நிறத்தை வருணிக்காமல், பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறார்.

படம் காட்டாத மாதங்கள்

இனி என் முக்கியமான முறையீட்டிற்கு வருகிறேன். நூலின் படங்களில் காலம் இல்லை.

பெரும்பாலான இனங்களுக்கு ஒரே படம். ஆணும் பெண்ணும் வேறுபட்டால் இரண்டு. பருவத்திற்குப் பருவம் நிறம் மாறும் என்ற குறிப்பு வேண்டிய இடங்களில் எழுத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கரையில் நிற்கும் நாம் முதலில் புரட்டுவது படத்தைத்தான். ஏரியிலோ ஒரே பறவை ஓர் ஆண்டில் இரண்டு மூன்று உடைகளில் வருகிறது.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். உண்ணிக்கொக்கு ஆண்டின் பெரும்பகுதி தூய வெள்ளை. இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு கலந்த பொன்னிறமாகிவிடும். மண்ணோடு மண்ணாகத் தெரியும் மடையானின் முதுகில் அப்பருவத்தில் கருஞ்சிவப்பு ஏறும். நத்தைகுத்தி நாரை கூடுகட்டும்போது வெண்மையாகவும், மற்றக் காலத்தில் புகைபடிந்த சாம்பல் நிறத்திலும் இருக்கும். பெரிய கொக்கின் அலகு சாதாரணமாக மஞ்சள். இனப்பெருக்க காலத்தில் கறுத்துவிடும். அலகின் நிறத்தை மட்டும் நம்பி ஆனி மாதத்தில் பழகியவர் மார்கழியில் திகைப்பார்.

வாத்துகளின் நிலை இன்னும் சிக்கலானது. கையேடுகளில் நீலச்சிறகி வாத்தின் ஆண், கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை பளிச்சிட அழகாக அமர்ந்திருக்கும். ஐரோப்பிய, ஆசிய வடபுலங்களில் இனம்பெருக்கிவிட்டு, அக்டோபரை ஒட்டி நம் ஏரிகளுக்கு வந்து சேரும் ஆண்வாத்துக்கு அந்தப் பட்டை இராது. இனப்பெருக்கம் முடிந்து இறகுதிர்த்து, பெண்வாத்தைப் போன்ற மங்கிய உடையில்தான் அது வருகிறது. படத்திலுள்ள கோலத்தை அது அடைவது குளிர்காலத்தின் பிற்பகுதியில். அதன்பின் சில வாரங்களில் வடக்கே புறப்பட்டுவிடும். அதாவது, நம் ஏரியில் அது தங்கும் காலத்தின் பெரும்பகுதிக்குப் படம் பொருந்துவதில்லை. “பெண்வாத்துகள் மட்டுமே வந்திருக்கின்றன” என்று குறிப்பேட்டில் எழுதும் மாணவரைக் குறை சொல்வதற்கில்லை.

குஞ்சுகளும் இளம் பறவைகளும் அடுத்த சிக்கல். நத்தைகுத்தி நாரையின் அடையாளமே மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளிதான். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. வக்காவின் குஞ்சு, கறுப்பும் சாம்பலுமான தாயைப் போல இராமல், பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். மாசி, பங்குனி மாதங்களில் வேடந்தாங்கலின் மரங்களில் நீங்கள் காண்பவற்றுள் பெரும் பங்கு இத்தகைய இளம் பறவைகளே.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. அன்றில் எனப்படும் பளபளப்பான அரிவாள் மூக்கனைத் தொலைவில் பார்த்தால் கறுப்பு. அருகில் வெயில் பட்டால் செம்பும் பச்சையும் மின்னும். பச்சை மினுமினுப்பு சாயப்பொருளால் வருவதன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி குறுக்கிடுவதால் வருவது. எனவே பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். எந்த அச்சு மையும் இதைக் காட்டாது. நூலை நோவதில் பயனில்லை. கதிரவனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு பாருங்கள். எதிரொளியில் வெள்ளைக் கொக்குகூட நிழலுருவாகத்தான் தெரியும்.

மாதமா, மழையா?

கூடுகட்டும் காலத்தைப் பெரும்பாலும் மாதப் பெயர்களாலேயே நூல் தருகிறது. பல நீர்ப்பறவைகளுக்கு வட இந்தியாவில் ஒரு காலம், தென்னிந்தியாவில் வேறொரு காலம் என்று பிரித்தும் சொல்கிறது. தகவல் சரி. ஆனால் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கும் மாணவருக்கு விடை எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு அளவீடுகளைத் தந்துவிட்டு, அவற்றை இணைக்கும் சமன்பாட்டைத் தராமல் விட்டதைப் போன்ற உணர்வு எனக்கு உண்டாகிறது.

சமன்பாடு நீரில் இருக்கிறது. ராஜஸ்தானிலுள்ள பரத்பூரில் தென்மேற்குப் பருவமழைக்குப் பின், ஆகஸ்டு வாக்கில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடுகட்டத் தொடங்குகின்றன. வேடந்தாங்கலிலோ வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஏரியை நிரப்பிய பிறகுதான் அவ்வேலை நடக்கிறது. நாள்காட்டியில் மாதங்கள் வேறு. நீர்க்கணக்கில் இரண்டும் ஒன்றே. ஏரி நிறைந்தால் நீர்க்கடம்பும் கருவேல மரமும் நீருக்குள் நிற்கும். காட்டுப்பூனையும் நரியும் மரத்தை எளிதில் அணுக முடியாது. சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் தவளையும் நத்தையும் பெருகும். குஞ்சு பொரிக்கும் வேளையில் இரை தயாராக இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் நவம்பர் வந்தாலும் கூடுகள் அரிதே. மாதத்தை நம்பிப் பேருந்தேறிச் செல்பவர் வெறும் மரங்களைப் பார்த்துத் திரும்புவார்.

ஒரு கையேட்டில் இனத்திற்கு ஒரு பக்கம்தான் கிடைக்கும். அதற்குள் சூழலியல் முழுவதையும் எப்படி அடக்குவது என்று நூலின் சார்பில் வாதிடலாம். நியாயந்தான். டில்லன் ரிப்ளியோடு இணைந்து 1968-க்கும் 1974-க்கும் இடையில் பத்துத் தொகுதிகளாகச் சாலிம் அலி வெளியிட்ட பெருநூலில் இவை விரிவாக உள்ளன. ஆனால் மாணவர் கையில் கிடைப்பது சிறிய நூல்தான். வலசையைப் பற்றித் தனிக் கட்டுரை சேர்க்க இடம் கண்ட ஆசிரியர், ஓர் ஏரியின் ஓராண்டு வாழ்க்கையைப் பற்றி நான்கு பக்கம் சேர்த்திருக்கலாமே என்ற ஆசை எனக்கு உண்டு.

இது வெறும் ஆசையன்று; இதில் நம் பொதுநலம் அடங்கியிருக்கிறது. பறவைகளை இனம் இனமாக மட்டும் அறிந்தவருக்கு, ‘சரணாலயம்’ என்றால் பறவை அமர்ந்திருக்கும் மரங்கள் என்றே தோன்றும். வேடந்தாங்கல் ஊரார் அப்படி நினைக்கவில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் தழைச்சத்தும் மணிச்சத்தும் சுமந்து வயலுக்குப் பாய்வதை அறிந்து, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 1798-இலேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஏற்று ஆவணம் வழங்கினார் என்பது வரலாறு. பறவைக்கு மரம் மட்டும் போதாது, வயலும் வேண்டும். வயலுக்கும் பறவை வேண்டும் என்ற சுழற்சி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த 30 ஹெக்டேர் ஏரியில் கூடுகட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு அந்த ஏரி மட்டும் இரை தர முடியாது. காலையில் தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழத் தொடங்கியதும் நாரைகளும் கூழைக்கடாக்களும் வட்டமிட்டு உயர்ந்து வெளியேறுவதைக் கவனியுங்கள். அவை போகும் திசைகளில்தான் சரணாலயத்தின் உண்மையான எல்லை இருக்கிறது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம்வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் பொருள் இதுவே. 2020-இல் இந்த எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. ஆரத்தை 5-லிருந்து 3 கிலோமீட்டராகக் குறைத்தால் பரப்பு எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 25-க்கு 9. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்! 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. கரிக்கிலி திறந்த நீர்ப்பரப்பு. வேடந்தாங்கல் மரங்கள் நிறைந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்குப் பறவைகள் ஓர் ஏரியில் வாழவில்லை, ஏரிகளின் கூட்டத்தில் வாழ்கின்றன என்பது தானே விளங்கும்.

இப்போது கைப்பேசியில் இயங்கும் இ-பேர்டு போன்ற ஏற்பாடுகள் நூலின் ஒரு குறையை நன்றாகவே போக்கிவிட்டன. ஓர் இடத்தைத் தேர்ந்தால், ஒவ்வோர் இனமும் ஆண்டின் எந்த வாரத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று பட்டைப் படமாகக் காட்டுகின்றன. சாலிம் அலி காலத்தில் கனவு காணவும் முடியாத வசதி. ஆனால் அப்படத்தின் கிடையச்சிலும் மாதங்கள்தான் இருக்கின்றன. மழை நன்றாகப் பெய்த ஆண்டும் பொய்த்த ஆண்டும் ஒன்றாகச் சேர்ந்து சராசரியாகிவிடுகின்றன. நீங்கள் உங்கள் ஊர் ஏரியைப் பார்ப்பவரானால், தேதிக்குப் பக்கத்தில் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மதகுக் கல்லில் எத்தனை படி நீருக்கு மேல் தெரிகிறது என்று எண்ணினாலே போதும்.

கடைசியாக மொழியைப் பற்றி. தமிழ் வழி கற்பவருக்கு இந்நூலின் ஆங்கிலம் ஒரு சுவர். எளிய ஆங்கிலந்தான், இருந்தாலும் சுவரே. பொருளைவிடப் பெயர்தான் பெரிய தடை. ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் பறவையின் தோற்றத்தைச் சொல்கின்றன. தமிழ்ப் பெயர்களோ பல வேளைகளில் அதன் தொழிலைச் சொல்கின்றன. மாட்டின் மேலுள்ள உண்ணியைத் தின்பது உண்ணிக்கொக்கு. முங்கி எழுவது முக்குளிப்பான். நத்தையைக் குத்தித் தின்பது நத்தைகுத்தி நாரை. நீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. மாலையில் மற்றப் பறவைகள் கூடு திரும்பும்போது இரவு வேட்டைக்குப் புறப்படும் வக்காவைக் கேளுங்கள். தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு போகும். களக் குறி, பழக்கம் என்று நூல் இரண்டு தலைப்புகளில் சொல்வதை இப்பெயர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றன. க. ரத்னம் ஊர் ஊராகத் திரட்டிய தமிழ்ப் பெயர்கள் நூலாகவே கிடைக்கின்றன. சாலிம் அலியின் நூலில் ஒவ்வோர் இனத்தின் தலைப்புக்கும் பக்கத்தில் அவற்றைப் பென்சிலால் எழுதிக்கொள்ளப் போதிய ஓரம் இருக்கிறது.